லேஅவுட்டுக்கு முன் எழுத்து

கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ், புத்தக அட்டை என்று வேலைக்குக் குறைவில்லாத காலத்தில்தான் என் டிசைன்கள் எல்லாம் ஒரே முகமாகிப் போயின. பின்ட்ரெஸ்டில் ஓர் ஐரோப்பியப் போஸ்டரைப் பார்ப்பேன். அதே லேஅவுட்டில் ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழை வைப்பேன். ஆங்கிலத் தலைப்பு முழுக்க கேப்பிடலில், மேலும் கீழும் ஒரே மட்டத்தில் நிற்கும். தமிழில் கேப்பிடல் கிடையாது. ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘மூ’வின் வால் கீழே இறங்கும், சொற்களும் நீளம். அந்தச் சட்டத்துக்குள் தமிழ் இரவல் சட்டை போட்டதுபோலவே இருந்தது.

இப்போது லேஅவுட்டைத் தொடும் முன் தலைப்பை மட்டும் காகிதத்தில் பெரிதாக எழுதிப் பார்க்கிறேன். பட்டை நிப், பிரஷ், எது கைக்குக் கிடைத்தாலும் சரி. எந்த எழுத்து இடம் கேட்கிறது, எது விட்டுக்கொடுக்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்றவை அதைச் சுற்றி அமைந்துவிடும். மூணு சுழி ‘ண’வைத் தடிமனாக வரைந்து பாருங்கள். சுழிகளுக்குள் வெள்ளை அடைபடும். எந்த இடத்தில் கோட்டை மெலிக்கலாம், எழுத்தை எவ்வளவு அகலப்படுத்தலாம் என்று மல்லுக்கட்டும் அரை நாளில் கற்பதை எந்த டெம்ப்ளேட்டும் கற்றுத்தராது.

பழைய அச்சையும் தேடிப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ‘லை’, ‘னை’ ஆகியவற்றின் ஐகாரக் குறி தனியாக முன்னால் நிற்காது, எழுத்தோடு ஒட்டி மேலே வளையும். அதைத் திரும்ப எழுதச் சொல்லவில்லை. ஓர் எழுத்து எத்தனை விதமாக நிற்க முடியும் என்று கண் பழகும். சென்னையில் இருப்பவர்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஓவியர் ஆதிமூலம் வரைந்த தலைப்பெழுத்துகள் கிடைத்தால் விடாதீர்கள், தூரிகையின் வேகம் அப்படியே அவற்றில் தெரியும்.

அச்சகத்துக்கு ஃபைல் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருக்க வேண்டாம். மெஷின் ஓடும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். சின்ன எழுத்தை நான்கு கலரும் சேர்ந்த கறுப்பில் கொடுத்தால், ஒரு கலர் மயிரிழை விலகினாலும் விளிம்பு கலங்கிவிடும், தனிக் கறுப்பில் கொடுங்கள் என்று எனக்குச் சொன்னவர் ஒரு மெஷின்மேன். ஆர்ட் பேப்பரில் பளிச்சென்ற சிவப்பு மேப்லித்தோ காகிதத்தில் மங்குவதையும் அங்கேதான் பார்த்தேன். ஒற்றைக் கலர் வேலை வந்தால் இன்று எனக்குத் தனி சந்தோஷம். அங்கே நிறத்தின் துணை கிடையாது, எழுத்தும் வெற்றிடமும்தான் பேச வேண்டும்.

வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுங்கள், கூடவே நீங்கள் விரும்பும் ஒன்றையும் காட்டுங்கள். பல நேரம் அது தேர்வாகாது, ஆனாலும் கை ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்கள் சொந்தமாக ஓர் எழுத்துரு வரையத் தொடங்கலாம். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவச மென்பொருள்தான். முதலில் ‘ட’, ‘ப’, ‘ம’ மூன்றையும் வரையுங்கள், நேர்கோடுகளின் தடிமன் பிடிபடும். அதற்குப் பிறகு ‘இ’, ‘ஞ’ பக்கம் போகலாம். அவற்றுக்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.