காரட்டும் மாத்திரையும்

நம்பிக்கை: காய்கறிகளிலுள்ள வைட்டமின்கள் புற்றுநோயைத் தடுக்கின்றன, ஆகவே அவற்றை மாத்திரையாக மிகுதியாக விழுங்கினால் பாதுகாப்பும் மிகுதியாகும்.

உண்மை: இதைப் பாமரரின் பேதைமை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை, ஒரு காலத்தில் வைத்திய விஞ்ஞானிகளே இதை நியாயமான அனுமானமாகக் கருதினார்கள். காரட், பூசணி, கீரை முதலியவற்றை ஏராளமாக உண்பவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டதும், அவர்களுடைய இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்திருந்ததும் தெரியவந்தபோது, காரட்டுக்கு நிறத்தைத் தருவதும் உடலினுள் வைட்டமின் ஏ ஆக மாறுவதுமான அந்தப் பொருளே ரட்சகன் என்று அவர்கள் ஊகித்ததில் வியப்பில்லை.

ஊகத்தோடு நின்றுவிடாததுதான் அவர்களுடைய பெருமை. 1985ஆம் ஆண்டில், பின்லாந்து தேசத்தின் தென்மேற்குப் பகுதியில், 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்க்கும் பணியைத் தொடங்கி, சிலருக்குப் பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம், சிலருக்கு வைட்டமின் ஈ 50 மில்லிகிராம், சிலருக்கு இரண்டும், எஞ்சியோருக்கு வெற்று மாத்திரை என்று, கொடுப்பவருக்கும் கொள்பவருக்கும் இன்னாருக்கு இன்னது என்பது தெரியாத வண்ணம், ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை தினந்தோறும் கொடுத்துவந்தார்கள். அந்த 20 மில்லிகிராமைக் காரட்டிலிருந்தே பெறுவதானால் நாளொன்றுக்குச் சுமார் கால் கிலோ தின்றாக வேண்டும். 1994இல் வெளியான முடிவோ எல்லோரையும் திடுக்கிட வைத்தது: பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது!

தற்செயலாக நேர்ந்திருக்கும் என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் புகைபிடிப்போர், அதை விட்டொழித்தோர், கல்நார்த் தொழிலாளர் ஆகிய 18,314 பேரிடையே, பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயையும் சேர்த்துக் கொடுத்து நடத்திய பரிசோதனையில் அந்நோய் 28 சதவீதம் அதிகரித்திருக்கவே, 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இதில் விசித்திரம் என்னவென்றால், பரிசோதனை தொடங்குமுன் தங்கள் ஆகாரத்தின் வாயிலாகவே இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்திருந்த பின்லாந்துக்காரர்களுக்கு, மற்றவர்களைவிட அந்நோய் குறைவாகவே வந்தது. காய்கறியில் அந்த ஒரு பொருள் மட்டுமா இருக்கிறது? காய்கறி உண்பவர் வேறு பல வகைகளிலும் வேறுபட்டவராக இருக்கக்கூடும் அல்லவா?

நம்பிக்கை: நன்மை செய்யாவிட்டாலும் வைட்டமின் தீமை செய்யாது.

உண்மை: சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவின் குழுவினர் 1940களில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாக உருவாக்கினார்கள். அதன் சேர்மங்களை, பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, நோய் தணிவதற்குப் பதிலாக விரைவு கொண்டதாக அவருக்குத் தோன்றியது. நல்ல உயிரணுவுக்கு ஆகாரமாவது கெட்ட உயிரணுவுக்கும் ஆகாரமே என்று உணர்ந்த அவர், அந்த வைட்டமினின் வேலைக்கு எதிராக நிற்கும் அமினோப்டெரின் என்ற மருந்தைச் சுப்பாராவ் குழுவினரிடமிருந்தே பெற்று உபயோகித்து, சில குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகவேனும் அடங்கியதை 1948இல் வெளியிட்டார். புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையின் வரலாற்றில் அது ஒரு முக்கியமான அத்தியாயம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போஷாக்குக் குறைந்த மக்கள் வாழ்ந்த சீனாவின் லின்ஷியான் பிரதேசத்தில், பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்து உண்டவர்களிடையே இரைப்பைப் புற்றுநோயால் நேர்ந்த மரணங்கள் 21 சதவீதம் குறைந்ததாக 1993இல் அறிவித்தார்கள். அது பற்றாக்குறையை நிரப்பியதன் பலன் என்றே கருத இடமுண்டு. மூன்று வேளையும் வயிறார உண்டுவிட்டு, புட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து மாத்திரை வாங்கும் கனவானுக்கு லின்ஷியான் சாட்சி சொல்ல வராது. அவர் சிகரெட் பிடிப்பவராகவும் இருந்தால், பின்லாந்து வந்து எதிர்ச்சாட்சியே சொல்லும்.