நரைமயிரும் வெயிற்காப்புக் களிம்பும்

வெயிலுக்கு அஞ்சி முகத்திற் களிம்பு பூசுவோர் இக்காலத்துப் பலர். அவருள் நரைமயிர் உடையாரும், மயிரின் நிறத்தை நீக்கிக்கொண்டாரும், நெற்றியோரத்து மயிர் செம்மஞ்சளாதல் கண்டு திகைப்பதுண்டு. அதன் காரணம் யாதெனிற் கூறுவாம்.

அத்தகைய களிம்புகள் பலவற்றில் அவோபென்சோன் என்னும் பொருள் உளது. 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்களை உட்கொண்டு அது தோலைக் காக்கும். ஆயின், அதன் மூலக்கூற்றிலுள்ள இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இரும்பைப் பற்றும் இயல்பின. குளிக்கும் நீரில் இரும்பு கலந்திருப்பின், இரண்டுங் கூடிச் செந்நிறச் சேர்மம் பிறக்கும். பீனாலிற் பெரிக் குளோரைடு சேர்த்தவுடன் ஊதா நிறம் எழுதலை இரசாயனசாலையிற் கண்ட மாணவர் அறிவர். அவ்வினைக்கு இஃது உறவே. இக்கறை கருமயிரில் மறையும். வெண்மயிரில் விளங்கித் தோன்றும்.

இதனைத் தடுத்தல் எளிது. களிம்பு பூசிய கையைக் கழுவிய பின்னரே தலையைத் தொடுக. மயிரோரத்தில் அவோபென்சோன் இல்லாத துத்தநாக ஆக்சைடுக் களிம்பைப் பூசுக. இரும்பு மிகுந்த நீரில் தலைமுழுகாதொழிக. வெளியே செல்லுங்கால் தொப்பியோ குடையோ கொள்க. வெயில் தானும் மயிரின் மெலனினைச் சிதைத்து நிறத்தை வெளுப்பிக்கும் அன்றோ?

கறைக்கு அஞ்சிக் காப்பையே கைவிடுதல் அறிவுடைமை ஆகாது. கறைபட்ட மயிரைக் கத்தரித்தால் வேறு மயிர் வளரும். ஆண்டுதோறும் வெயில் தோலுக்கு இழைக்கும் தீங்கோ எளிதில் நீங்குவதன்று.