அடுப்படியில் கேட்ட கதை

மைசூரில் ஒரு வீடு. அந்த வீட்டில் மூன்று மொழிகள் இருந்தன.

மாடியில் அப்பா இருப்பார். அவர் கணக்குப் பேராசிரியர். அவரோடு ஆங்கிலம் பேச வேண்டும். கீழே அடுப்படியில் அம்மாவும் பாட்டியும். அங்கே தமிழ். தெருவில் இறங்கினால் கன்னடம்.

இந்த வீட்டுப் பிள்ளைதான் ஏ.கே. ராமானுஜன். 1929-இல் பிறந்தார். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கவிதை எழுதினார். ஒரு மொழியில் இருப்பதை இன்னொரு மொழியில் சொல்வது மொழிபெயர்ப்பு. அதிலும் பெரிய பெயர் பெற்றார்.

சின்ன வயதில் சாப்பாட்டு நேரத்தில் பாட்டி கதை சொல்வார். அந்தக் கதைகளை அவர் மறக்கவில்லை. வளர்ந்து கல்லூரி ஆசிரியர் ஆனார். கர்நாடகத்தில் பெல்காமில் வேலை பார்த்தார். அங்கே மக்கள் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதி வைத்தார்.

அவர் சேர்த்த கன்னடக் கதை ஒன்றைப் பாருங்கள்.

ஒரு பெண்ணுக்கு ஒரு கதை தெரியும். ஒரு பாட்டும் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாடவும் இல்லை. உள்ளேயே கிடந்து கதைக்கும் பாட்டுக்கும் மூச்சு முட்டியது. அவள் தூங்கும்போது இரண்டும் வெளியே வந்துவிட்டன. கதை, வாசலில் செருப்பாகக் கிடந்தது. பாட்டு, ஆணியில் கோட்டாகத் தொங்கியது. கணவன் பார்த்தான். "வீட்டுக்கு வந்த ஆண் யார்?" என்று கேட்டான். அவள், "யாரும் வரவில்லையே" என்றாள். அவன் நம்பவில்லை. சண்டை வந்தது. பிறகு அவனுக்கு உண்மை தெரிந்தது. ஓடி வந்து, "உன் கதை என்ன? பாட்டு என்ன?" என்று கேட்டான். அதற்குள் அவள் இரண்டையும் மறந்துவிட்டாள்.

சொல்லாத கதை தொலைந்து போகும். அதனால்தான் ராமானுஜன் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். இந்தியாவின் 22 மொழிகளின் கதைகளை ஆங்கிலப் புத்தகமாக 1991-இல் கொண்டுவந்தார்.

இன்னொரு செய்தியும் உண்டு. அவர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு வீட்டுத் தமிழ் தெரியும். பழைய தமிழ் தெரியாது. 1962-இல் அங்குள்ள நூலகத்துக்குப் போனார். பழந்தமிழ் கற்க ஒரு தொடக்க இலக்கணப் புத்தகம் தேடினார். அப்போது அவருக்கு வயது 33. தேடிய இடத்தில் குறுந்தொகை கிடைத்தது. அது சங்க காலக் கவிதை நூல். அவர் உட்கார்ந்து படித்தார். அதிலிருந்து பல கவிதைகளை ஆங்கிலத்தில் தந்தார். 1967-இல் அது புத்தகமாக வந்தது. தமிழ் தெரியாதவர்களும் சங்கக் கவிதையைப் படித்தார்கள்.

1993-இல் சிகாகோவில் அவர் காலமானார்.

எங்கள் மையத்துக்கு வரும் ஒரு பாட்டி, "எனக்கு என்னம்மா தெரியும்?" என்பார். நாற்று நடும்போது அவர் பாடினால் வயலே கேட்கும். இப்போது அவருக்கு எழுதத் தெரியும். முதல் பாட்டை நோட்டில் எழுதிவிட்டார்.

பேசுவோம், எழுதுவோம்:

1. ராமானுஜன் வீட்டில் எந்த மூன்று மொழிகள் பேசினார்கள்?
2. அந்தப் பெண் கதையை ஏன் மறந்தாள்?
3. உங்கள் பாட்டி சொன்ன கதை ஒன்றை ஐந்து வரியில் எழுதுங்கள்.