வரலாற்றுப் பைத்தியத்துக்குப் பரிசு வாங்கப் போகிறவர்களுக்கு

மேருவிலிருந்து கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போய்ப் பரிசு வாங்குகிறவர்கள் வேட்டி, குத்துவிளக்கு என்று அரைமணியில் முடித்துவிடுவார்கள். வாங்கித் தரவேண்டிய ஆள் அரசியல் வரலாற்றுப் பைத்தியம் என்றால்தான் தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னைத் தேடி வருகிறீர்கள். சொல்கிறேன்.

1. துங்குவின் 'லுக்கிங் பேக்', மகாதீரின் 'மலாய் டைலமா' இரண்டையும் தொடாதீர்கள். படிக்கவேண்டியவைதாம், ஆனால் அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். கடைக்குப் போகுமுன் அலமாரியை ஒரு பார்வை பாருங்கள். முடியாவிட்டால் வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள். என்ன இருக்கிறது என்பதோடு, இனி எதற்கும் இடமில்லை என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

2. சொந்த வட்டாரத்திலிருந்து தொடங்குங்கள். காந்தி உப்புக் காய்ச்சப் போனதை அறிந்த நம் பிள்ளைகளுக்கு, 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் தெரியாது. அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடு, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்றும் கேட்டார்கள். கடைசிக் கோரிக்கையைக் கவனியுங்கள். அதற்குக் கம்பெனிக்கு ஒரு காசு செலவில்லை, ஆனாலும் துரைமாருக்கு அதுதான் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். முன்னின்ற ஆர்.எச்.நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் இருந்தவர். மே மாதம் அவரைப் பிடித்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். மைக்கேல் ஸ்டென்சன் 1980இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். 'கிளாஸ், ரேஸ் அண்ட் கொலோனியலிசம் இன் வெஸ்ட் மலேசியா' என்று தேடுங்கள். பழைய பிரதிதான் அகப்படும். அதுவும் கிடைக்காவிட்டால் கார்ல் வடிவேலா பெல்லின் 'டிராஜிக் ஆர்ஃபன்ஸ்' வாங்குங்கள், மலேசிய இந்தியர் கதை அதில் முழுதாக இருக்கிறது. காப்பார் ரோட்டில் வளர்ந்தவர் கையில் இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் அன்று ராத்திரி விளக்கு அணையாது.

3. காசு இருந்தால் ஒத்துப்போகாத இரண்டைச் சேர்த்துக் கொடுங்கள். மலாயா அவசரகாலம் என்றால் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கின் 'மை சைட் ஆஃப் ஹிஸ்டரி' (2003), கூடவே அந்தோனி ஷார்ட்டின் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி பற்றிய நூல். ஷார்ட்டின் கதையே தனி. அரசாங்கமே ரகசியக் கோப்புகளைத் திறந்துவிட்டு எழுதச் சொன்னது, எழுதி முடித்ததும் வெளியிட மறுத்துவிட்டது. 1975இல் வெளியில் அச்சானது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியை 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டதை இரண்டு பக்கத்துக் கண்ணாலும் பார்க்காதவரை அந்தக் காலம் பிடிபடாது. இப்படிப்பட்ட புத்தகங்களுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் கெராக்புடாயா இருக்கிறது.

4. "நாவல் வரலாறு ஆகுமா?" என்பாரிடம் வாதாடாதீர்கள். ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' இரண்டையும் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். தோட்டத்து ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதை அரசாங்கக் கோப்பு எழுதிவைக்கவில்லை.

5. புத்தகமே வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் சேகரிப்பில் பழைய 'தமிழ் முரசு' இருக்கிறது. அவர் பிறந்த வாரத்துப் பக்கம் ஒன்று கிடைத்தால் அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கொடுங்கள். செலவு சொற்பம். உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன காலத்தில், 1960இல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். மூலப் பத்திரத்தை மட்டும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்! நகல் போதும்.

6. பழைய பதிப்பில் பேனாவால் வாழ்த்து எழுதவேண்டாம், ஒரு துண்டுத்தாளில் எழுதிச் செருகுங்கள். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

7. கொடுக்குமுன் நீங்களும் பத்துப் பக்கமாவது படித்துவிடுங்கள். மறுவாரம் அவர் கூப்பிடுவார், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார்.