சட்டம் மாறினால் ஊர் மாறுமா?

கேள்வி: என் மகன் தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, ஆண்களிடம்தான் மனம் போகிறது என்று சொல்லிவிட்டான். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் சட்டத்தையே மாற்றிவிட்டார்களாமே? தோட்டத்து ஜனங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?
– ஒரு தாய், ரிங்லெட், கேமரன் மலை

பதில்: அம்மா, அவன் உங்களை நம்பிச் சொன்னானே, அதுவே பெரிது. ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம் என்ற சட்டம் இந்தியாவில் 2018-இலும் சிங்கப்பூரில் 2022-இலும் மாறியது உண்மை. மலேசியாவிலோ வெள்ளைக்காரன் காலத்தில் வந்த அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி. ஆகவே யாரிடம் சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும். லயத்தில் நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.

சட்டம் மாறியதும் வீடுகள் மாறிவிடவில்லை. இந்தியாவில், ஒருவரையொருவர் விரும்பிய மதுரைப் பெண்கள் இருவர் பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்து, உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். எவ்வளவு பெரிய மனசு! பெற்றோர்களையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அதன் பிறகுதான், 2021 ஜூன் 7-இல், தன் பாலினரையே விரும்புகிறவர்களை ‘மாற்றுகிறேன்’ என்று சிகிச்சை செய்வதற்குத் தடை விதித்தார்.

அதனால் மந்திரிப்பது, மருந்து, அவசரக் கல்யாணம் எதுவும் வேண்டாம். கல்யாணம் செய்துவைத்தால் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து பாழாகும். கோயில் திருவிழாவுக்கு எப்போதும்போல அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.