ஈமெயிலில் விளம்பரம்: எந்த சாப்ட்வேர் நமக்கு ஏற்றது?

நம் லேப்பில் ஒரு சாப்ட்வேர் பெயர் காதில் விழுந்தால் போதும், "அதுதான் பெஸ்ட்" என்று அடித்துச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். எதற்கு பெஸ்ட், யாருக்கு பெஸ்ட் என்று கேட்டால் பதில் வராது. விளம்பர ஈமெயில் வடிவமைக்கும் சாப்ட்வேர் விஷயத்திலும் இதே கதைதான்.

"அருப்புக்கோட்டைத் தறிக்கும் திருச்சுழி மானாவாரிக்கும் ஈமெயில் விளம்பரம் எதற்கு?" என்று கேட்கலாம். எங்க அப்பா தறிக்காரர். அவர் நெய்த சேலையை யார் கட்டினார்கள், என்ன விலை போனது என்று அவருக்குத் தெரியாது. கூலி மட்டும் தெரியும். ஒரு தடவை சேலை வாங்கிய 200 பேர் முகவரி கையில் இருந்தால், அடுத்த பாவு தறியில் ஏறும்போதே அவர்களுக்கு நேராகச் சொல்லிவிடலாம். எங்க வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவள் என்ற முறையில், இந்தப் படிப்பு அதற்காவது உதவணும் என்று நினைக்கிறேன்.

முதல் விளம்பர ஈமெயில் 1978 மே 3-ல் அமெரிக்காவில் போனது. டி.இ.சி. கம்ப்யூட்டர் கம்பெனியின் கேரி தூர்க், அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு அனுப்பினார். வெறும் எழுத்து, படம் கிடையாது. அதனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிந்தது. படமும் கலரும் வந்த பிறகுதான் தகராறு ஆரம்பம்.

நம்ம ஊர் டி.டி.பி. சென்டரில் கோரல் டிராவில் போஸ்டர் போட்டு, அதை ஒரே படமாக ஈமெயிலில் ஒட்டி அனுப்புகிறார்கள். பார்க்க ஜோர்! ஆனால் பழைய அவுட்லுக்கில் வெளியிலிருந்து வரும் படம் தானாகத் திறக்காது; வாங்குகிறவருக்கு வெள்ளைக் கட்டம்தான். செல்போனில் போஸ்டர் சுருங்கி எழுத்து எறும்பாகிவிடும். அதிலுள்ள போன் நம்பரைத் தொட்டால் கால் போகாது. சரி, எழுத்தையே காப்பி பண்ணுவோம் என்றால், பாமினி எழுத்துரு இல்லாதவருக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடில் அடித்தால்தான் எல்லா இடத்திலும் தமிழாகத் தெரியும். கோரல் அச்சுக்கு ராஜா, ஈமெயிலுக்கு அல்ல.

தமிழுக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. யூனிகோடை யு.டி.எப்.-8 முறையில் அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'அருப்புக்கோட்டை' என்ற சொல்லில் புள்ளி, கொம்பு எல்லாம் சேர்த்து 15 குறிகள், ஆக 45 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 13 பைட்தான். ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் ஈமெயிலைப் பாதியில் வெட்டி விடும். ஆகவே தேவையில்லாத கோடிங்கை அள்ளிப் போடும் சாப்ட்வேர் தமிழுக்கு ஆகாது.

2007 முதல் வந்த அவுட்லுக், பக்கத்தைக் காட்ட மைக்ரோசாப்ட் வேர்டின் எஞ்சினைப் பயன்படுத்தியது. நாம் வெப் டிசைனில் படிக்கும் புது வித்தைகள் பல அதில் எடுபடாது. பழைய டேபிள் கட்டம்தான் தாங்கும். கையால் கோடிங் எழுதத் தெரிந்தவர்கள் எம்.ஜே.எம்.எல். என்ற இலவச மொழியைப் பாருங்கள். பிரான்சின் மெயில்ஜெட் கம்பெனியில் உருவானது. சுருக்கமாக எழுதினால் அதுவே டேபிளாக மாற்றித் தரும். வடிவமைக்க மட்டும்தான், அனுப்ப வேறு வழி வேண்டும்.

கோடிங் வேண்டாம், இழுத்து வைத்தால் போதும் என்பவர்களுக்கு மெயில்சிம்ப், ஜோஹோ கேம்பெயின்ஸ் போன்றவை உண்டு. அனுப்பும் வேலையையும் அவையே செய்யும். ஜோஹோ நம்ம பக்கம். ராஜபாளையம் தாண்டித் தென்காசி மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் இருக்கிறது. (1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் ஜோஹோ ஆனது.) அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லவில்லை. இலவசம் என்ற வார்த்தையில் மட்டும் மயங்காதீர்கள். மெயில்சிம்ப் இலவசத் திட்டத்தில் 2,000 முகவரி வரை வைத்துக்கொள்ள முடிந்தது; 2023 மார்ச்சில் அதை 500 ஆக்கிவிட்டார்கள். முகவரிப் பட்டியலை சி.எஸ்.வி. பைலாக வெளியே எடுக்க முடியுமா என்று முதலிலேயே பாருங்கள். சாப்ட்வேர் அவர்களுடையது, வாடிக்கையாளர் நம்மவர்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் கெடுபிடி கூட்டிவிட்டன. மொத்தமாக அனுப்புகிறவர்கள் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற அடையாளச் சான்றுகளை வைத்திருக்க வேண்டும். "இனி வேண்டாம்" என்று ஒரே அழுத்தில் விலகவும் வழி வேண்டும். சாதாரண ஜிமெயில் முகவரியைப் போட்டு இந்த சாப்ட்வேர்கள் வழியே அனுப்பினால் ஸ்பாமுக்குள் போய் விழ வாய்ப்பு அதிகம். வருஷத்துக்குச் சில நூறு ரூபாய் போனாலும் சொந்த டொமைன் வாங்குவதே நல்லது.

சாப்ட்வேரை முடிவு பண்ணும் முன் ஒரே சேலைப் படம், நாலு வரித் தமிழ், ஒரு போன் நம்பர் வைத்து ஒரு ஈமெயில் செய்யுங்கள். விலை குறைந்த செல்போன் ஒன்றிலும், லேப்பில் இருக்கும் பழைய அவுட்லுக்கிலும், ஜிமெயிலிலும் திறந்து பாருங்கள். பிறகு படத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் திறங்கள். அப்போதும் என்ன சேலை, என்ன விலை, யாரைக் கூப்பிடணும் என்று படிக்க முடிந்தால் அந்த சாப்ட்வேரை எடுத்துக்கொள்ளலாம்.