அறிந்த பொருளுக்கு எழுத்து

1885-ஆம் ஆண்டு. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் சிகிச்சைக்காகக் கல்கத்தாவின் சியாம்புகூர் பகுதிக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தார். அன்னை ஸ்ரீசாரதாதேவியார் தட்சிணேசுவரத்தில் தனித்திருந்தார். கங்கையில் நீராட வரும் ஒரு பெண் அவரிடம் நெடுநேரம் தங்கிப் பாடம் சொல்லித் தருவாள்; படித்ததை ஒப்பிக்கவும் செய்வாள். தோட்டத்திலிருந்து தமக்கு வரும் கீரையையும் காய்களையும் அன்னை அவளுக்கு அளிப்பார். அதுவே குருதட்சிணை. அப்போது அன்னைக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது.

அதற்கு முன் கமார்புகூரில் லட்சுமியுடன் சேர்ந்து, வித்யாசாகரரின் ‘வர்ணபரிசயம்’ முதற்பாகத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தார். உறவினரான ஹிருதயர் அந்நூலைப் பறித்துக்கொண்டார். எழுத்தறிந்த பெண்கள் நாவலும் நாடகமும் படிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவருடைய அச்சம். அன்னை வாதிடவில்லை, ஓரணாவுக்கு வேறொரு பிரதியை ரகசியமாக வாங்கிக்கொண்டார். பிற்காலத்தில் அவர் ராமாயணத்தைத் தாமே வாசித்தார்.

இதற்கு அரை நூற்றாண்டு முன்பு, இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ஒரு கிராமத்தில், ராஸசுந்தரி தேவி என்ற இல்லத்தரசிக்குச் ‘சைதன்ய பாகவத’த்தைத் தானே படிக்க வேண்டும் என்ற ஏக்கம் உண்டாயிற்று. கணவரின் சுவடியிலிருந்து ஓர் ஏட்டையும், மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துச் சமையலறையில் ஒளித்து வைத்தார். இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுத்துக்களை இனங்கண்டார். வங்காள மொழியின் முதல் முழுமையான தன்வரலாற்றை எழுதியவர் இவரே.

பொருள் முன்னது, எழுத்து பின்னது

இவ்விரு வரலாறுகளிலும் பொதுவானது என்ன? இருவரையும் எவரும் கட்டாயப்படுத்தவில்லை. இறைவனின் கதையைத் தம் கண்ணால் படிக்க வேண்டும் என்ற தாகமே தூண்டியது. அந்தக் கதை அவர்கள் பேசிய மொழியிலேயே இருந்தது. கிருத்திவாசர் ராமாயணத்தையும், பிருந்தாவனதாசர் சைதன்ய பாகவதத்தையும் வங்காளத்தில் இயற்றியிருந்தனர். கேட்டுக் கேட்டு நெஞ்சில் பதிந்த பொருளுக்கு எழுத்தைத் தேடுவதே அவர்களது படிப்பாக இருந்தது.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இயல்பானது என்பர் மீமாம்சகர். அதன் தத்துவ நுட்பங்களை இங்கே ஆராய வேண்டியதில்லை. ஆயினும் தாய்மொழியைப் பொறுத்தவரை ஒவ்வொருவரும் இதை உணர்கிறோம். ‘நீர்’ என்று கேட்டதும் நீர் மனத்தில் தோன்றுகிறது. இடையில் முயற்சி இல்லை. எனவே தாய்மொழியில் எழுத்துக் கற்பவள் ஒரே ஒரு புதிய தொடர்பை அறிந்தால் போதும்: ஒலிக்கும் வரிவடிவத்துக்கும் உள்ள தொடர்பு. அறியாத மொழியில் கற்பவளோ பொருளையும் எழுத்தையும் ஒருங்கே தேட வேண்டும். பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு மாலையில் வந்து அமரும் ஒருத்தியின் மீது அந்த இரட்டைச் சுமையை ஏற்றிவிட்டு, ‘இவர்களுக்குப் படிப்பு வராது’ என்று முடிவு கட்டுவது அறமாகாது.

சந்தால் சகோதரிகள்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதும் அதற்கு மேலுமான இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் 64.6 சதவிகிதம், பழங்குடிப் பெண்களிலோ 49.4 சதவிகிதம் மட்டுமே. ஜார்கண்ட், மேற்கு வங்காளம், ஒடிஷா, பீகார், அஸ்ஸாம் மாநிலங்களில் பரவியுள்ள சந்தாலி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் அதே கணக்கெடுப்பில் 73 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அம்மொழி 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது.

மயூர்பஞ்சில் பிறந்த பண்டித ரகுநாத் முர்மு, 1925-இல் சந்தாலிக்கென ‘ஓல் சிக்கி’ என்ற எழுத்துமுறையை உருவாக்கினார். அதில் முப்பது எழுத்துக்கள். மரபான விளக்கத்தின்படி, உகரத்தின் வடிவம் சமைக்கும் பாத்திரம். ஸகரத்தின் வடிவம் கலப்பை. ரகரத்தின் வடிவம் அரிவாள். பள்ளிப்படியே மிதிக்காத ஒரு சந்தால் பெண் தன் அடுப்படியையும் வயலையும் அந்த எழுத்துக்களில் காண முடியும். கிறிஸ்தவ ஊழியர்கள் சந்தாலியை ரோமன் எழுத்தில் எழுதினர். வங்காளம், தேவநாகரி, ஒடியா எழுத்துக்களும் வழக்கில் உள்ளன. எந்த எழுத்தில் கற்பது என்பதை வகுப்புக்கு வரும் பெண்களிடமே கேட்பது முறை.

யாருடைய பக்தி?

இங்கே தொண்டர்களாகிய நாம் நம்மை நாமே ஆராய வேண்டும். பக்தியின் துணையால் எழுத்தறிவிக்கப் புகும்போது, அது யாருடைய பக்தி? நமக்குப் பிரியமான தோத்திரத்தை அவர்கள் வாயில் வைப்பதா, அவர்கள் நெஞ்சில் இருப்பதை எழுத்தில் காட்டுவதா? சந்தால் மக்கள் மராங் புருவை வணங்குகின்றனர். அவர்களது வழிபாட்டிடம் ஜாஹேர் எனும் புனிதச் சோலை. சால மரம் பூக்கும் காலத்தில் வரும் பாஹா திருவிழாவிலும், கால்நடைகளைப் போற்றும் சொஹ்ராய் திருவிழாவிலும் பெண்கள் பாடி ஆடுகின்றனர். அந்தப் பாடலின் ஓரடி கரும்பலகையில் எழுதப்பட்டால், அதுவே அவர்களது ‘சைதன்ய பாகவதம்’.

எழுத்தைத் தூண்டிலாக்கி அதன் முனையில் நம் சமயத்தைக் கோத்துக் கொடுத்தால், ஹிருதயர் செய்ததையே நாமும் வேறு விதத்தில் செய்தவர்களாவோம். அவர் நூலைப் பறித்தார். நாம் நூலைக் கொடுத்துவிட்டு, எதைப் படிக்கலாம் என்ற உரிமையைப் பறிக்கிறோம். அவள் நாளை நாவல் படிக்கட்டும். கூலிக் கணக்கையும் நிலப் பட்டாவையும் படிக்கட்டும். நாம் எழுதியதையே படித்து ‘இது சரியன்று’ எனச் சொல்லட்டும். அப்போதுதான் நாம் அளித்தது தானம்.

வகுப்பு நடத்துவோர்க்கு

வகுப்பின் நேரத்தையும் இடத்தையும் பெண்களே குறிக்கட்டும். நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வகுப்பை நிறுத்தி வைக்கலாம். முதலில் அவர்கள் அறிந்த பாடலின் ஓரடியைப் பாடச் செய்து எழுதிக் காட்டுக. அடியைச் சொற்களாகவும், சொல்லை எழுத்துக்களாகவும் பிரித்து, அதே எழுத்துக்களால் புதிய சொற்களை அவர்களே அமைக்கச் செய்க. கையெழுத்திடப் பழகியதோடு நின்றுவிட வேண்டாம். பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர் படிக்காத தாளிலும் கையொப்பமிடும் ஆபத்து உண்டு. தாய்மொழியில் சரளம் வந்தபின் மாநில மொழிக்கு அழைத்துச் செல்க. மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் அது தேவை. அதை மறுப்பதும் அநீதியே.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு வழிகோலுகிறது. அந்த வயதைக் கடந்துவிட்ட தாய்மார்களுக்கு நம் மாலை நேரங்களை நாம் அளிக்கலாம். அவர்கள் ஒரு பிடி கீரையைக் கொண்டுவந்தால் மறுக்காமல் பெற்றுக்கொள்வோம். கற்பவரின் தன்மானம் அந்தக் கீரையில் இருக்கிறது.

சிந்தனைக்கு

1. நான் தொண்டாற்றும் மக்களின் மொழியில் எனக்கு எத்தனை சொற்கள் தெரியும்?
2. அவர்களது வழிபாட்டுப் பாடல் ஒன்றையாவது முழுமையாகக் கேட்டிருக்கிறேனா?
3. என்னிடம் கற்ற ஒருவர் என் கருத்தை மறுத்தால் நான் மகிழ்வேனா?